ஞாயிற்றுக்கிழமை லீவு போட்ட நாய்க்குட்டி

என் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறைதான் அவருடைய கடை. ஜன்னலோரம் காலால் அழுத்தி ஓட்டும் கால்மிதி வைத்த பழைய தையல் மெஷின், அதற்கு முன்னால் முக்காலி, தரையில் விரித்த பாய். துணியை மேஜையில் போட்டு வெட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. பாயில் உட்கார்ந்து, தரையில் விரித்துத்தான் வெட்டுவார். குன்னூருக்கு மேலே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அறை வீட்டில் மேஜை போட இடமும் கிடையாது. ஆகவே எங்கள் வீட்டில் எந்த நேரமும் தரையில் யாருடைய பிளவுஸ் துணியாவது கிடக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், வேண்டாம் என்றால் சண்டை வந்திருக்கும், சண்டையில் நான்தான் ஜெயித்திருப்பேன். எதற்கு வீண் வேலை என்று நேராகக் கொண்டுவந்துவிட்டேன்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டும் தம்பி ஒருவர் எங்களிடம் பேண்ட் தைக்க வருவார். ஆடி மாதம் மழையில் நனைந்துகொண்டு வந்தவர், அளவு கொடுத்தபடியே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கதை சொன்னார். அவர் வீட்டு வாசலில் ஒரு நாய் குட்டி போட்டிருந்ததாம். சாயந்திரம் இருட்டினால் சிறுத்தை இறங்குகிறது, குட்டிகளில் இரண்டைத் தூக்கிப் போய்விட்டது, தாயையும் இரண்டு நாளாகக் காணோம் என்றார். "மிச்சம் ஒண்ணு இருக்குதுங்க. அதுவும் எத்தன நாளைக்குன்னு தெரியல." நான் அடுக்களையிலிருந்து, "அந்த ஒண்ண நாளைக்கே கொண்டாந்துருங்க தம்பி" என்று சத்தம் போட்டேன். இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இன்ச் டேப்பைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

குட்டி வந்தது. செம்மண் நிறம், வெள்ளைக் கால்கள், மடிந்த ஒரு காது, நிமிர்ந்த ஒரு காது. முதல் வாரமே அது தன் வேலையைக் காட்டிவிட்டது. வேறு எங்காவது காட்டியிருக்கக் கூடாதா? ஒரு கல்யாணப் பெண்ணின் கிளிப்பச்சைப் பட்டுத் துணி பாயில் விரிந்திருந்தது. அதன் நட்டநடுவில் போய் உட்கார்ந்து, நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்குப் போனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் துணியின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் கோயமுத்தூர் பஸ் ஏறினார். அதே பச்சையைத் தேடிக் கடை கடையாக அலைந்து வாங்கிக்கொண்டு ராத்திரி வந்து சேர்ந்தார். வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"அம்மணி, ஆயுத பூஜை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் தீபாவளித் துணி வந்து குமிஞ்சுரும், கால் வெக்க எடமிருக்காது. அதுக்குள்ள உன்ர நாய் ஊட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போறத நிறுத்தோணும். இல்லீன்னா லாரிக்காரத் தம்பியக் கூப்பிட்டு ஒப்படச்சுருவேன். அது வரைக்கும் பேரு கீரு வெக்காத. பேரு வெச்சுட்டா அனுப்ப முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நியாயமாகச் சொன்னதால் அதற்கும் வழியில்லை. அவருக்கு அந்த மெஷின்தான் எல்லாம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத் துணியையும் நம்பிக் கொடுக்கலாம் என்ற பெயரை அவர் சும்மா வாங்கிவிடவில்லை. ஆனால் ஒப்படைப்பது என்றால் எங்கே ஒப்படைப்பது? அந்த லைன் வாசலில்தானே. அங்கே அதற்கு என்ன ஆகும் என்பது எனக்கும் அவருக்கும் லாரிக்காரத் தம்பிக்கும் தெரியும். குட்டிக்கு மட்டும்தான் தெரியாது.

எனக்கு வீம்பு அதிகம். இந்தக் குட்டியை நான் பழக்கிக் காட்டாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்த முகமாகப் பாடம் நடத்தினாள். குட்டி தூங்கி எழுந்தால் வெளியே கொண்டு போ, சாப்பிட்டால் கொண்டு போ, விளையாடினால் கொண்டு போ, இருட்டினாலும் கொண்டு போ என்றாள். அவளுக்கு வேலை வெட்டி கிடையாது போலிருக்கிறது. அவள் தோட்டத்தில் சிறுத்தையும் கிடையாது. எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு நாயை வெளியே விடுவது சிறுத்தையை விருந்துக்குக் கூப்பிடுவதுதான். விடிந்து கதவைத் திறந்தால் சில நாள் வாசலில் காட்டு மாடு நிற்கும். அது நகர்கிற வரைக்கும் மனிதர்களே வெளியே போக முடியாது, குட்டி எங்கே போகும்? அப்படி ஒரு காலையில் குட்டி உள்ளேயே போய்விட்டதற்கு அவர் என்னை முறைத்தார். "மாட்டப் போயி மொறைங்க" என்றேன்.

ராத்திரிக்கு ஒரு வழி செய்தேன். பாத்திரம் கழுவும் மூலையில், தண்ணீர் வெளியேறும் ஓட்டையருகே ஒரு சாக்கைப் போட்டு, பலகையால் தடுத்து, குட்டியை அங்கே படுக்க வைத்தேன். பிரச்சினை பகலில்தான். காலையில் நான் தொழிற்சாலை வேலைக்குப் போனால் சாயந்திரம்தான் வருவேன். தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டு போகக் கூடாது, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கவும் முடியாது.

அப்போதுதான் எனக்குச் சங்கு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். காலையில் வேலை தொடங்க ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று, சாயந்திரம் விட ஒன்று. இந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்குக்குத்தான் உலை வைப்போம், சங்குக்குத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவோம், சங்குக்குத்தான் மாத்திரை போடுவோம். மனிதர்களுக்குச் சரிப்படுவது நாய்க்கு ஏன் சரிப்படாது? "ஏனுங்க, சங்கு ஊதுன ஒடனே அதத் தூக்கிட்டுப் போயி அந்தக் கொய்யாமரத்துக் கிட்ட விடுங்க. போற வரைக்கும் நில்லுங்க. போனதும் டீக்குத் தொட்டுக்கற வர்க்கில ஒரு துண்டு குடுங்க. அவ்வளவுதான்" என்றேன். அவர் ஊசியில் நூல் கோர்த்தபடி, "உன்ர நாய்க்கு நான் ஆயா வேலை பாக்கோணுமாக்கும்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து மத்தியானம் சங்கு ஊதும்போதெல்லாம் நான் கேண்டீன் வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு வீட்டைத்தான் நினைப்பேன். எனக்குக் கேட்கும் இதே சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும். அவர் மெஷினை நிறுத்தியிருப்பார், எழுந்திருப்பார், குட்டியைத் தூக்கியிருப்பார், தூறலில் கொய்யாமரத்தடியில் நிற்பார். நிற்பாரா? சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான். "என்னாச்சுங்க?" "ஆச்சு" என்பார். ஒரு வார்த்தைதான். சில நாள் அந்த ஒரு வார்த்தையும் இருக்காது, தரை துடைத்த ஈரத் துணி மட்டும் கொடியில் தொங்கும். மழைக்காலத்தில் அது காயவும் காயாது, மூன்று நாளைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே தொங்கும்.

ஆவணி பிறந்ததும் ஈரத் துணி குறைந்தது. மாதம் முடிவதற்குள் கொடி காலி. சங்கு ஊதினால் குட்டி தானாக எழுந்து போய்க் கதவருகே நிற்கிறது என்று அவரே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேண்டீனில் என் மேஜைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். பிள்ளை பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய தாய்மார்கள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். "எங்க ஊட்டு நாய் சங்குக்குத்தான் போகும்" என்று சொன்னபோது ஒருத்தி, "உனக்கு அடுத்து அதுக்குத்தான் வேல குடுக்கப் போறாங்க" என்றாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு நாயெல்லாம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெருமை அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் வீட்டுக்குள் ஏதாவது நடந்தால், குட்டிதானே என்று துடைத்துவிட்டுப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். காலையில் கொய்யாமரத்தடிக்குக் கொண்டு போனால் சும்மா நிற்கிறது. மத்தியானம் கொண்டு போனால் என் செருப்பைக் கடிக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று எனக்குக் கால் விறைத்துப் போனது. உள்ளே கொண்டுவந்து விட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்க் குளம் கட்டிவிட்டது. சங்கு ஊதவில்லையே! தொழிற்சாலைக்கு விடுமுறை, சங்குக்கு விடுமுறை, அதனால் இதற்கும் விடுமுறை.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ர நாய் கவர்மெண்டு உத்தியோகம் ஆயிருச்சு அம்மணி. ஞாயித்துக்கெழம லீவு போட்டுருச்சு." எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. கடிகாரத்தை நம்பாமல் சங்கை நம்பி வாழ்கிற ஊரில்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஆனால் அதை அவரிடம் ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வாசலில் நின்று நானே சங்கு ஊதினேன். வாயால்தான். இரண்டு கையையும் குவித்து, அடிவயிற்றிலிருந்து, தொழிற்சாலைச் சங்கு எப்படி மெல்ல ஏறி, நின்று, இறங்குமோ அப்படியே ஊதினேன். குட்டி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கும். அது நகரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் கரண்டியோடு வெளியே வந்தார். "ஏனுங்க, இன்னிக்குச் சங்கு ஊதுச்சுங்களா? நான் இன்னும் ரசமே வெக்கலியே!"

அதற்கு மேல் சங்கு ஊத எனக்கு முகமில்லை. வழி வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்தது. அவசரத் துணி ஒன்று இருந்ததால் அவர் அன்றைக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்தார். குட்டி வழக்கம்போல மெஷினுக்கு அடியில், கால்மிதிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. நூல் கண்டு மாற்ற நிறுத்தினார், குட்டி அசையவில்லை. பட்டன் துளைக்குக் காஜா போட நிறுத்தினார், அசையவில்லை. பிறகு டீ குடிக்கலாம் என்று சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, முக்காலியைத் தள்ளி எழுந்தார். குட்டி துள்ளி எழுந்து கதவுக்கு ஓடியது! நான் பாய்ந்து கதவைத் திறந்தேன். நேராகக் கொய்யாமரத்தடிக்குப் போய்க் காலை மடக்கியது.

அப்போதுதான் புரிந்தது. அது சங்கைக் கேட்டுப் பழகவே இல்லை. சங்கு ஊதினால் அவர் மெஷினை நிறுத்தி எழுவார், அவர் எழுந்தால் வெளியே போக வேண்டும். அது படித்தது அவரைத்தான். திட்டம் என்னுடையது, ஆனால் மதிப்பெண் அவர் கணக்கில் ஏறிவிட்டது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. ஊர் முழுக்கக் கேட்கிற சத்தத்தை விட்டுவிட்டு, நூல் மாற்றுவதற்காக நிறுத்துவதற்கும் எழுவதற்காக நிறுத்துவதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்து வைத்திருக்கிறதே! அந்த வித்தியாசம் இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவரை மெஷினில் உட்கார வைத்தேன். வேலை இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் வெறுமனே மிதித்துவிட்டு எழ வேண்டும். "உன்ர நாய் ஒண்ணுக்குப் போறதுக்கு நான் ஓவர்டைம் பாக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பார். வீடு சுத்தமாக இருந்தது. புரட்டாசியில் தீபாவளித் துணிகள் ஒன்றிரண்டு வரத் தொடங்கின. குட்டி அவற்றுக்கு ஓரமாகவே நடந்து போனது. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தொழிற்சாலையில் பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவர் மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சந்தனம், சக்கரத்தில் குங்குமம், கால்மிதியில்கூட ஒரு பொட்டு. பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நாளைக்குத் தொழிற்சாலை கிடையாது. சங்கு கிடையாது. பூஜை போட்ட மெஷினை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் தொடுவார், ஆகவே மெஷினும் கிடையாது. "நாளைக்கு ஒரே ஒரு தடவ, ரெண்டு மிதி..." என்று ஆரம்பித்தேன். "சாமி கும்புட்ட மெஷின மிதிக்கச் சொல்றயா?" என்றார். கெடு வைத்த நாளும் அதுதான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பூஜையன்று காலையில் குட்டியைக் கொய்யாமரத்தடியில் விட்டுத் தூறலில் நின்றேன். கெஞ்சினேன், வர்க்கியைக் காட்டினேன், கடைசியில் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வயிறு நிறையச் சுமந்துகொண்டு சமர்த்தாக உள்ளே வந்துவிட்டது. முன்னறையில் மெஷினுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பலகையில், முதலில் வந்த தீபாவளித் துணிகளை அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெரூன் பட்டு, அதுவும் கல்யாணப் பெண்ணுடையது. பொரி, கடலை, பழம் எல்லாம் வைத்து அவர் சூடம் காட்டினார். பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றது.

எஸ்டேட்டில் பூஜை போட்ட லாரி, முகப்பில் வாழைக்கன்றோடு. தம்பி உள்ளே வந்து திருநீறு பூசிக்கொண்டார். கையில் ஒரு கயிறு சுருட்டி வைத்திருந்தார். "இன்னிக்கு வந்து பாக்கச் சொன்னீங்களேங்கண்ணா. குட்டி இருக்குதுங்களா, கொண்டு போயிரட்டுங்களா?" என் வீட்டுக்காரர் பொரியை அள்ளித் தம்பி கையில் கொடுத்தார். நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குட்டி மூலையிலிருந்து எழுந்து வந்தது. மழைக்காக முன்கதவைச் சாத்தியிருந்தோம். அது அறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றி மோந்தது. அந்தச் சுற்றல் எதற்கு என்று நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பலகையை நெருங்கி, மெரூன் பட்டில் மூக்கை வைத்தது. நான் பாயப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சித்தெ இரு. என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்."

குட்டி துணியை விட்டு விலகியது. பலகையைச் சுற்றிக்கொண்டு மெஷினுக்கு அடியில் நுழைந்தது. கால்மிதியைப் பார்த்தது. அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் நகரவில்லை. இரண்டு முன்கால்களையும் தூக்கிக் குங்குமப் பொட்டு வைத்த அந்த மிதியின் மேல் போட்டு, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தியது. சக்கரம் கடகடவென்று சுற்றியது. மாலை ஆடியது. சந்தனம் பூசிய ஊசி ஏறி இறங்கி நின்றது. மெஷின் நின்றதோ இல்லையோ, குட்டி கதவுக்கு ஓடி, திரும்பி எங்களைப் பார்த்துக் குரைத்தது. அதுவரைக்கும் அது எங்கள் வீட்டில் குரைத்ததே கிடையாது.

"ஐயோ, பூஜ மெஷின ஓட்டிருச்சுங்களே!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. யாரும் மெஷினை ஓட்டி நிறுத்தாததால் தானே ஓட்டி, தானே நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்கிற ஒரு நாயை இந்த மலையில் யாராவது பார்த்திருக்கிறார்களா? யாராவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் புது வேட்டியை மடித்துக் கட்டினார். "அவனும் இந்த மெஷின்ல வேல பாக்கறவன்தானுங்களே அக்கா" என்றார். பிறகு கதவை விரியத் திறந்து, மழையில் இறங்கி, "வாடா" என்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

குட்டியின் இரண்டு காதும், மடிந்த காதுகூட, நிமிர்ந்தன. அது ஒரே ஓட்டமாக அவர் பின்னால் கொய்யாமரத்துக்கு ஓடியது.

பெயர் வைக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். என் எதிரில் ஒரு நாளும் "உன்ர நாய்" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர். ஆனால் புதிதாகக் கேட்கிற பெயருக்கு எந்த நாயும் அப்படி ஓடாது. நான் கேண்டீன் வரிசையில் தட்டோடு நின்ற மத்தியானங்களில் எல்லாம், சங்கு ஊதி, மெஷினை நிறுத்தி எழுந்தபோதெல்லாம், அவர் அதை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

லாரிக்காரத் தம்பி கயிற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பொரியைக் கொறித்தார். நான் வாசலில் நின்று, மழையில் நனைந்துகொண்டிருந்த என் இரண்டு பேரையும் பார்த்தேன்.